கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

படுவான்கரை மண்ணில், வெல்லாவெளியில் நிகழும் இந்த நினைவுச் சொற்பொழிவு அரசியலமைப்பைப் பொருளாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கிழக்கு மாகாண வாக்காளருக்கென்றே ஒரு வாக்கெடுப்பு 1987இல் உறுதியளிக்கப்பட்டது. அது இன்றுவரை நடக்கவில்லை.

நடந்த வாக்கெடுப்பை முதலில் பார்க்கலாம். 1982 டிசம்பர் 22, இலங்கை கண்ட ஒரே சர்வஜன வாக்கெடுப்பு. ஆம் என்போருக்கு விளக்கு, இல்லை என்போருக்குக் குடம். 1977இல் தெரிவான பாராளுமன்றம் பொதுத் தேர்தலின்றி மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்பதே விடயம். வாக்காளரிடம் கேட்கப்பட்டதோ, நவம்பர் 14 வர்த்தமானியில் வெளியான நான்காவது திருத்தச் சட்டமூலத்தை ஏற்கிறீர்களா என்பது. ஆறு ஆண்டு என்ற பேச்சே கேள்வியில் இல்லை. விளக்கு 54.66 வீதம் பெற்று வென்றது. மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் மக்கள் ஒப்புதலும் இருந்தால் போதும் என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களில் நால்வர் ஏற்கெனவே கூறியிருந்தனர்.

இனி, நடக்காதது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தப்படி, இணைந்த வடக்கு கிழக்கு தொடர வேண்டுமா என்பதைக் கிழக்கு மக்கள் 1988 முடிவதற்குள் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல்கள் நின்றால்தான் இணைக்கலாம் என்றது மாகாண சபைகள் சட்டம். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அந்த நிபந்தனையை அவசரகால விதிகளால் தளர்த்தி, 1988 செப்டம்பரில் மாகாணங்களை இணைத்தார். வாக்கெடுப்போ ஆண்டுதோறும் தள்ளிப்போடப்பட்டது. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் குழாம் அந்த இணைப்பு செல்லாது என்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரின் கருத்தும் கேட்கப்படாமலே 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் பிரிந்தன.

சட்டம் விதித்த நிபந்தனையை நிறைவேற்று அதிகாரம் தானே கழற்றிவிட முடியாது. அந்த அளவில் தீர்ப்பின் தர்க்கம் வலுவானது.

2018இலும் அதே தர்க்கம் நின்றது. நான்கரை ஆண்டு நிறையுமுன் பாராளுமன்றத்தைக் கலைத்த ஜனாதிபதியின் தரப்பு, கலைக்கும் அதிகாரத்துக்கு அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரையைக் காட்டியது; இரா. சம்பந்தன் உள்ளிட்ட மனுதாரர்கள் 70ஆம் உறுப்புரையின் அந்தக் கால வரம்பைக் காட்டினர். ‘தேர்தலுக்கு ஏன் பயம்?’ என்று மேடைகளில் கேட்கப்பட்டது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பை நிராகரித்தனர். சட்டத்துக்கு முரணாக அழைக்கப்படும் தேர்தல் மக்களின் வாக்குரிமையை நிறைவேற்றாது என்பதே அதன் சாரம்.

இறைமை மக்களுடையது, அதில் வாக்குரிமையும் அடக்கம் என்கிறது 3ஆம் உறுப்புரை. அதை மெய்யாக வாசிக்கும் நீதிமன்றம், சட்டமூலத்தோடு வாக்குச்சீட்டின் வாசகத்தையும் பரிசீலிக்க வேண்டும். எத்தனை ஆண்டு, என்ன அதிகாரம், யாருக்கு என்பவை சீட்டிலேயே தெரிய வேண்டும். மாகாண எல்லையை மாற்றுவதானால் அங்குள்ளோரின் வாக்கை முன்கூட்டியே பெற வேண்டும். இணைத்துவிட்டுப் பிறகு கேட்போம் என்ற வழியில் கிழக்கு 18 ஆண்டுகள் காத்திருந்தது.