பழைய வட்டுகளிலிருந்து மாணவர் பட்டியலை மீட்ட வரலாறு



வெள்ளி விழா மலருக்கென நம் சங்கத்தின் முதல் மாணவர் பட்டியலைத் தேடியபொழுது, அலமாரியின் அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டியில் பத்து பிளாப்பி வட்டுகள் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் மாலைநேரப் பாடசாலை தொடங்கியபொழுது, இரவல் கணினி ஒன்றில் பதிவேட்டைத் தட்டச்சு செய்து இவற்றில் சேமித்திருந்தோம். காகிதப் பதிவேடோ கூரை ஒழுகி மழைநீரில் ஊறிப் போயிற்று. நம் முன்னோர் பெயர்களைப் பண்ணைக் கணக்கிலும் கடன் சீட்டிலும் பிறரே எழுதினர். நம் பிள்ளைகளின் பெயர்களை நாமே எழுதிவைத்த முதல் ஏடு இது. கைவிட மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒரு கடைக்குக் கொண்டு சென்றோம். வட்டினை ஃபார்மேட் செய்யலாமா என்று கணினி வினவியது. கடைக்காரரும் ஒப்புதல் தரக் கையை வைத்துவிட்டார். உடன் வந்திருந்த நம் பழைய மாணவர் ஒருவர் பதறித் தடுத்தார். வட்டின் தொடக்கப் பகுதியைப் படிக்க இயலவில்லை என்பதே அவ்வினாவின் பொருள். உள்ளே ஒன்றுமில்லை என்பதன்று. ஒப்புக்கொண்டிருந்தால் எஞ்சியதும் அழிந்திருக்கும்!

பணியை அவரே ஏற்றார். மூன்றரை அங்குல வட்டில் பக்கத்திற்கு 80 வளையங்களாகச் செய்தி காந்தப் பதிவாக நிற்கிறது. மொத்தக் கொள்ளளவு 1.44 மெகாபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே இன்று அது போதுவதில்லை. புதிதாக ஏதும் பதியாதபடி மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்தார். பூஞ்சை படிந்தவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் துடைத்தார். பின்னர், கோப்புகளைத் திறவாமல், வட்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்தார். அதற்கென உள்ள டிடி-ரெஸ்கியூ என்னும் மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரும். ஒரு கருவி படிக்க மறுத்த வட்டை வேறொரு பழைய கருவி படித்ததும் உண்டு. படிக்கும் முனை கருவிக்குக் கருவி இம்மியளவு விலகி நிற்பதே காரணம்.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985இல் அமிகா கணினியில் வரைந்த படங்களை, கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவருடைய வட்டுகளிலிருந்து மீட்ட செய்தி 2014இல் வெளிவந்தது. வட்டைப் படித்த பின்னும் கோப்பின் வடிவம் விளங்காமல் அவர்கள் இடர்ப்பட்டனர். எங்களுக்கும் அதே இடர்தான். பட்டியல் திறந்தது, ஆனால் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு வரிசை இருந்தது. பாமினியில் ‘அ’ என்பது ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும். எழுத்துரு பாமினியே என்று கண்டறிய ஒரு வாரம் சென்றது. மாற்றியதும் முதல் வரியில் நம் துணைச் செயலாளர் அம்மையாரின் பெயர் தோன்றியது. அப்பொழுது அவர் ஆறாம் வகுப்பு.

ஏழு வட்டுகள் முழுமையாகவும் இரண்டு பாதியாகவும் கிடைத்தன. ஒன்று கிடைக்கவே இல்லை. அதனால் 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் கடைசிப் பதினொரு பெயர்கள் இல்லை. அவ்வாண்டு பயின்றோர் இம்மன்றத்தில் இருப்பின், கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து தங்கள் பெயரையும் உடன் பயின்றோர் பெயரையும் எழுதித் தர வேண்டுகிறோம்.