விதைநெல்லும் சட்டமும்



செஞ்சிக் கோட்டையில் இராஜகிரியின் அடிவாரத்தில், தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக இன்றும் நிற்கின்ற நெற்களஞ்சியத்தைக் காணாதவர் இவ்வவையில் இரார். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்த காலத்தில், உள்ளே இருந்தவர்களுக்குப் பீரங்கியினும் பெரிய துணை சேமித்து வைத்த தானியமே என்று நான் கருதுகிறேன். அக்காலத்து அரசர்கள் விளைச்சலில் பங்கு கேட்டார்கள். சில வேளைகளில் இரக்கமின்றியும் கேட்டார்கள். ஆயினும் விளைந்த நெல்லில் ஒரு பகுதியை எடுத்துவைத்து மறுபோகம் விதைப்பதற்குத் தம்மிடம் அனுமதி பெறவேண்டும் என்று எந்த அரசரும் சாசனம் பிறப்பித்ததாக நான் படித்ததில்லை. அத்தகைய அனுமதி வேண்டுமா என்னும் கேள்வி நம் காலத்தில், நம் தேசத்து நீதிமன்றத்திலேயே எழுந்திருக்கிறபடியால், அறிவுசார் சொத்துரிமை என்னும் பரந்த விஷயத்தில் விதை ஒன்றை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை, பயிர் இரகங்களைக் காப்புரிமையாலோ தனிச் சட்டத்தாலோ பாதுகாக்கவேண்டும் என்று அங்கத்தினர் நாடுகளைக் கட்டாயப்படுத்தியபோது, மேல்நாடுகள் வகுத்துவைத்திருந்த பயிர் இரகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுவதே எளிய வழியாக இருந்தும், இந்தியா அதனை ஏற்காமல், 2001 ஆம் ஆண்டில் தனக்கென ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர். அதன் 39 ஆம் பிரிவை ஒவ்வோர் உழவரும் மனப்பாடம் செய்யத் தகும். பதிவுபெற்ற இரகமாகவே இருந்தாலும், அதன் விளைச்சலையும் விதையையும் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. இரகத்தின் பெயரைப் பொறித்த உறையிலிட்டு வணிக விதையாக விற்பது ஒன்றே விலக்கு. ஓர் இரகத்துக்கு இன்னொருவர் உரிமை பெற்றிருப்பதை அறியாமல் அதைப் பயிரிட்ட உழவரை உரிமை மீறியவராகக் கருதலாகாது என்று 42 ஆம் பிரிவு சொல்கிறது.

இத்தனை தெளிவாக எழுதப்பட்ட பின்னும் 2019 ஏப்ரலில் நிகழ்ந்தது என்ன? சிப்ஸ் செய்வதற்கென்று பதிவுசெய்யப்பட்ட எஃப்எல் 2027 என்னும் உருளைக்கிழங்கு இரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்று, குஜராத்தின் சபர்காந்தா மாவட்டத்து உழவர்கள்மீது பெப்சிகோ நிறுவனம் ஆமதாபாத்தில் வழக்குத் தொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் மே மாதத்தில் வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. கவிதா குருகண்டி என்னும் அம்மையார் தொடுத்த மனுவின்பேரில், 2021 டிசம்பரில் பதிவே ரத்தாயிற்று. 2023 ஜூலையில் டில்லி உயர்நீதிமன்றத்துத் தனி நீதிபதி அந்த ரத்தை உறுதிசெய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை மாற்றி, நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்றது. இத்தீர்ப்பைக் கேட்டு உழவரின் பாத்தியதையே போய்விட்டது என்று கலங்கியவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. வாதம் பெரும்பாலும் விண்ணப்பத்தில் தந்த விவரங்களைப் பற்றியும் பதிவின் செல்லுபடியைப் பற்றியும் நிகழ்ந்தது. 39 ஆம் பிரிவு அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது.

எனக்குள்ள கவலை வேறிடத்தில். இரகங்களைப் பதிவுசெய்யும் அதிகாரசபையின் முன்னும் உயர்நீதிமன்றத்திலும் இச்சட்டத்தின்கீழ் உழவர் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை என்று 44 ஆம் பிரிவு கருணையோடு விலக்களிக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்கும், நாற்று முற்றிக்கொண்டிருக்கையில் நீதிமன்ற வாயிலில் கழிகின்ற நாட்களுக்கும் எந்தப் பிரிவு விலக்களிக்கும்? நான்கைந்து ஏக்கர் வைத்திருப்பவர்மேல் ஒரு கோடி ரூபாய் என்ற சொல் வந்து விழுந்த மாத்திரத்திலேயே, தீர்ப்பு வருமுன் தண்டனை நிறைவேறிவிடுகிறது.

உழவரும் தம் இரகத்தைப் பதிவு செய்யலாமே எனின், செய்யலாம். சட்டம் அதற்கும் இடம் தந்து, உழவரையும் இரகத்தை உருவாக்கியவர் என ஏற்றது. அது பெரிய காரியம். ஆனால் பதிவு, தனித்தன்மையும் ஒருமைத்தன்மையும் நிலைத்தன்மையும் கேட்கிறது. நம் பழைய நெல்லோ சற்றே வேறுபட்ட கதிர்களின் கூட்டுறவால் வாழ்வது. ஒரு கதிர் மழைக்குச் சாய்ந்தால் இன்னொன்று நிற்கும். நம் வீட்டுப் பெண்கள் செய்வதைப் பாருங்கள்: கதிர் பழுத்ததும் வயலில் இறங்கிக் கலவனைப் பிடுங்கி எறிந்து, மணி திரண்ட கதிர்களைத் தனியே கொய்து, காலால் மிதித்து உதிர்த்து, இளவெயிலில் உலர்த்திப் பல்லால் கடித்து ஈரம் பார்த்து, நொச்சி இலையை இடையிடையே இட்டுக் குதிரில் சேர்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்தத் தேர்வும் ஆராய்ச்சியே, கையெழுத்தில்லாத ஆராய்ச்சி.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன், 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பித் தரவேண்டும் என்று ஒரு நியமம் வைத்திருந்தார். மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் ஊர் ஊராகப் பரவியதில் அந்த நியமத்துக்குப் பெரும் பங்குண்டு. எந்தச் சொத்துரிமைச் சட்டமும் பெருக்கித் தராததை நம்பிக்கை பெருக்கித் தந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் 39 ஆம் பிரிவு காக்கிறது.

ஆகவே செஞ்சி வட்டாரத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. 2002 ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படவேண்டும். மேல்மலையனூர்ப் பக்கமும் வல்லம் பக்கமும் அவலூர்பேட்டைப் பக்கமும் இன்னும் குதிரில் பழைய விதை வைத்திருக்கும் வீடுகளுக்குப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் நேரில் போய், விதையின் பெயர், மண், பட்டம், வயது, குணம் யாவற்றையும் கேட்டு எழுதவேண்டும். நாளை எவரேனும் அதே குணத்தைத் தம் கண்டுபிடிப்பென்று உரிமை கொண்டாடினால், அது முன்பே இவ்வூரில் இருந்தது என்பதற்கு அந்த ஏடு பிரமாணமாகும். அவ்வேட்டில், நிலப்பட்டா யார் பெயரில் இருந்தாலும், விதையைப் பொறுக்கியெடுத்துக் காத்த பெண்ணின் பெயரே முதலில் எழுதப்படவேண்டும்.