தானே ஓடும் வண்டியும் பழியின் பங்கும்



மனிதர் கை படாமல் தானே ஓடும் கார் ஒருவரை மோதிக் கொன்றால், பழி யாரைச் சேரும்? இது வீண் கற்பனையன்று. 2018-ம் ஆண்டு மார்ச் 18-ம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதனைக்காக விட்டிருந்த அத்தகைய கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரை மோதியது. அவர் மாண்டார்.

ஒரு செயல் நன்றா தீதா என்று தீர்க்க, குருமடத்தில் நாம் மூன்றைப் பார்க்கக் கற்றோம்: செயல், செய்தவரின் நோக்கம், சூழ்நிலை. இங்கே இரண்டாவதில் இடறுகிறோம். இயந்திரத்துக்கு நோக்கம் ஏது? மனச்சாட்சி ஏது? அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அழைத்துவரவும் முடியாது! ஆகையால் நோக்கத்தை, அதை அமைத்தவர்களிடத்தில்தான் தேட வேண்டும்.

அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தேடிற்று. 2019-ல் அது வெளியிட்ட முடிவுகள் திடுக்கிட வைக்கின்றன. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அப்பெண்மணியைக் கண்டுவிட்டது. வண்டி என்றது, சைக்கிள் என்றது, இன்னதென்று தெரியாத பொருள் என்றது. மனிதர் என்று மட்டும் கொள்ளவேயில்லை. கடக்கும் இடமல்லாத இடத்திலும் மக்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதை அமைத்தவர்கள் அதற்குக் கற்பிக்கவில்லை. (நம் ஊர்ச் சாலையை ஒரு நாள் பார்த்திருந்தாலே போதும்!) பொய்யான ஆபத்துக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கூடாதென்று, மெய்யான ஆபத்திலும் ஒரு விநாடி தாமதிக்கச் செய்திருந்தார்கள். காரைச் செய்த தொழிற்சாலையே பொருத்திய தானியங்கி பிரேக்கையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். காவலுக்கு அமர்ந்திருந்தவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலனை மட்டும் நிறுப்போர், இச்சோதனைகளால் நாளை பல உயிர் பிழைக்குமே என்பர். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சாலை விபத்துகளில் உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிகிறார்கள். ஆயினும் அந்தக் கணக்குக்குத் தம் உயிரை ஈடு வைக்க அப்பெண்மணி சம்மதித்தாரா? அவரை யாராவது கேட்டார்களா? இதை விட்டுவிட்டு, கிழவரை மோதுவதா குழந்தையை மோதுவதா என்று காருக்குப் புதிர் போடுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. டெம்பியில் கார் எவரையும் தெரிந்தெடுக்கவில்லை. தெரிந்தெடுத்தவர்கள் மனிதர்கள், அதுவும் மாதக்கணக்கில் முன்னதாக, மேசையருகே உட்கார்ந்து.

நிறுவனத்தின்மேல் குற்ற வழக்குக்கு இடமில்லையென்று அரசு வழக்கறிஞர் 2019-ல் கூறிவிட்டார். 2023-ல் தண்டனை பெற்றவர் காரில் காவலுக்கு இருந்தவர் ஒருவரே: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர் குற்றமற்றவரல்லர். ஆனால் அந்த ஒரு விநாடித் தாமதத்தை ஏற்பாடு செய்தவர்களை எவரும் கூண்டில் ஏற்றவில்லை.