பூவும் அரிவாளும்



இங்கிலாந்திலும் வேல்சிலும் தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு 1930களுக்கும் 1984க்கும் இடையில் அழிந்தது. உழவும் செயற்கை உரமும் முதன்மைக் காரணங்கள். தப்பிய சிலவற்றுள் ஒன்று, தேம்சு ஆறு வெள்ளமாய்ப் பரவும் கிரிக்லேடு வடக்குப் புல்வெளி. ஏப்ரலில் அங்கே ‘பாம்புத்தலை’ப் பூக்கள் கவிழ்ந்து மலரும்.

அதைக் காத்தது எது? கோடையில் விதை உதிர்ந்தபின் புல்லை அறுத்து அகற்றுவர். பின்பு கால்நடை மேயும். அறுக்காவிடில் வண்டல் வளத்தில் முரட்டுப் புற்கள் ஓங்கிப் பூச்செடிகளை மூடிவிடும். அழிந்த வெளிகளை மீட்போர், பழைய வெளியில் அறுத்த பச்சைப்புல்லை விதையோடு பரப்புகின்றனர். பின் ஆண்டுதோறும் அறுக்கின்றனர். பூ நிறையப் பல்லாண்டு ஆகும்.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்திடம் ஒரு வேண்டுகோள்: பூவைப் பாடும் நாம், அதைக் காத்த அரிவாளையும் பாடுவோம்.