சாட்சியம் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

கொலை வழக்கின் மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதிகள் கொலையைக் கண்டவர்கள் அல்லர். கண்டவர் கூறியது எழுத்தாக அவர்கள் முன் இருக்கிறது. அதை நம்பினால் மரண தண்டனைகூட உறுதியாகலாம். ஐயம் எழுந்தால் விடுதலை. ஒரு மனிதரின் உயிர் இன்னொரு மனிதரின் நாவைப் பொறுத்து நிற்கிறது!

வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற கொலை வழக்கில் 1957-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலையுண்டவரின் மனைவியே முக்கியச் சாட்சி. சாட்சிகளின் எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்று கூறிய நீதிமன்றம், சாட்சிகளை மூவகையாகப் பிரித்தது: முற்றிலும் நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இவ்விரண்டிலும் சேராதவர். முதல் வகையினர் ஒருவரே ஆயினும் போதும். மூன்றாம் வகையினருக்கோ வேறு ஆதாரத்தின் துணை வேண்டும். அந்தப் பெண்மணியின் சொல் ஏற்கப்பட்டு, தண்டனை உறுதியாயிற்று.

அதற்கு முன், 1953-இல், தலீப் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் ஓர் உண்மையைச் சுட்டியது. கொலையுண்டவரின் உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு நிரபராதியை மாட்டிவிட எளிதில் விரும்பமாட்டார். ஆனால் பகை இருக்குமிடத்தில், குற்றவாளியோடு குற்றமற்ற ஒருவரையும் சேர்த்து இழுத்துவிடும் போக்கு உண்டு.

சகோதரர்களே! இங்குதான் நம் உள்ளம் நடுங்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று திருக்குர்ஆன் 5:8 எச்சரிக்கிறது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் உண்மைக்கே சாட்சி சொல்லுமாறு 4:135 பணிக்கிறது. பெரும்பாவங்களை எண்ணிக் கூறுகையில், சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்தமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்ப எச்சரித்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன.

பகையின்றியும் கண் தவறலாம். அலீ (ரலி) அவர்களிடம் இருவர் வந்து, ஒருவர் திருடியதாகச் சாட்சி சொன்னார்கள். அவர் கை துண்டிக்கப்பட்டது. பின்னர் வேறொருவரைக் கொண்டுவந்து, ஆளை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்றார்கள். இரண்டாமவருக்கு எதிரான அவர்களுடைய சாட்சியத்தை அலீ (ரலி) ஏற்கவில்லை. முதலாமவரின் கைக்குரிய நஷ்டஈட்டையும் அவர்கள்மீதே சுமத்தினார்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என அறிந்திருந்தால் உங்கள் கைகளையே துண்டித்திருப்பேன் என்ற கருத்தில் எச்சரித்தும் அனுப்பினார்கள். கை போனபின் பணம் தரலாம். உயிர் போனபின் என்ன தருவது?

ஆகவே, காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ நிற்க நேர்ந்தால், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டும் சொல்வோம். அடையாள அணிவகுப்பில் ஐயம் இருந்தால் ஐயம் என்றே கூறுவோம். பழைய வரப்புத் தகராறுக்காக ஒரு பெயரையும் சேர்க்க வேண்டாம். அதேபோல், அச்சத்தால் கண்டதை மறைக்கவும் வேண்டாம். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என்று 2:283 உணர்த்துகிறது.

இப்பயிற்சி வீட்டிலேயே தொடங்கட்டும். "அவன்தான் உடைத்தான்" என்று பிள்ளை சொன்னால், "நீ பார்த்தாயா?" என்று கேளுங்கள். செவியும் பார்வையும் உள்ளமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்பதை (17:36) அப்பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்ளும்.

உண்மைக்கு மட்டுமே சாட்சி சொல்லும் நாவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.