வாடகைக் காரில் வேடந்தாங்கல்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

கார் எடுத்தால் ஏற்காடு, ஊட்டி என்று தொலைவாகவே யோசிக்கிறோம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, படாளம் வழியாக வேடந்தாங்கல் போய், ஒரே நாளில் நிதானமாகத் திரும்பிவிடலாம்.

நல்ல மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டில், நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் வரும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காக்கிறார்கள். வேட்டையாட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களையே எதிர்த்து, அன்றைய கலெக்டர் லயோனல் பிளேசிடம் உரிமை வாங்கியவர்கள் அவர்கள்.

ஒரு எச்சரிக்கை. வாடகை குறைவு என்று தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை எடுக்காதீர்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வருவதற்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி வாடகைக்கு ஓடி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம். மொத்தச் செலவும் நம் தலையில் விழும்.

ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துக் கிளம்புங்கள். சாலையோரம் நிற்கும் கண்டெய்னர் லாரிகளைக் கவனியுங்கள். ஏரிக்கரையில் ஹாரன் வேண்டாம், கூட்டில் குஞ்சுகள் இருக்கும்.