தில்லியைக் கால்களால் படித்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நகரமும் கவிதையும் என்னும் பொருளில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொதுவாகப் பேசுவதினும் ஒரு நகரை எடுத்துக்கொண்டு பேசுவதே பயன் தரும் எனக் கருதித் தில்லியைத் தேர்ந்துகொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வட்டத்தின் தொடக்கக் கூட்டங்களுள் ஒன்றில் தில்லியைப் பற்றி நான் ஒரு கவிதை படித்தேன். ஈரமற்ற நகரம் என்று அதனைச் சாடியிருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அதுவரை நான் கண்டிருந்த தில்லி, சுற்றுலாப் பேருந்தின் சன்னல் வழியே கண்ட தில்லியே. அதன்பின் மும்முறை சென்று நடந்தேன். அக்கவிதையை என் தொகுப்பில் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதே இன்றைய என் உரை.

இளங்கோவடிகள் கோவலனை மதுரைத் தெருக்களில் நடக்கவிட்டு ஊர்காண் காதையை அமைத்தார். புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாகக் காட்டினார். வணிகரும் கைவினைஞரும் நெருங்கி வாழ்ந்தது ஒன்று. அரச வீதி அமைந்தது மற்றொன்று. நடந்து பார்ப்பவர்க்குத் தில்லியும் இவ்வாறே இரண்டாகப் பிரியும். 1639இல் ஷாஜகான் எழுப்பத் தொடங்கிய பழைய நகர் ஒன்று. 1911இல் அறிவிக்கப்பட்டு 1931இல் திறக்கப்பட்ட புது தில்லி மற்றொன்று.

முதலில் பழைய நகருக்குச் செல்வோம். செங்கோட்டையின் எதிரே தொடங்கிப் பதேபுரி மசூதியில் முடியும் சாந்தினி சௌக்கை அரைமணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். தொடக்கத்தில் செந்நிறச் சமணக் கோயில். அடுத்துக் கௌரி சங்கர் கோயில். சற்றுத் தொலைவில் சீஸ்கஞ்ச் குருத்வாரா. அதன் அருகே பொன்வண்ணக் குமிழ்களையுடைய சுனேரி மசூதி. 1675இல் குரு தேக் பகதூர் தலை துண்டிக்கப்பட்ட இடத்தில் அந்தக் குருத்வாரா நிற்கிறது. 1739இல் நாதிர்ஷா தன் படையினர் மக்களைக் கொன்று குவித்ததைப் பார்த்திருந்தது அந்த மசூதியில் இருந்துதான். இதே வீதியின் தொடக்கத்தில், சமணக் கோயில் வளாகத்தில், அடிபட்ட பறவைகளுக்குப் பணம் பெறாமல் மருத்துவம் செய்யும் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. சிறகொடிந்த புறாக்கள் அங்குக் கூண்டுகளில் தேறிக்கொண்டிருந்தன. ஈரமற்ற நகரம் என்று எழுதிய கை அவ்விடத்தில் கூசியது. அதே வீதியில் சிந்திய குருதியையும் நான் அறிந்தேனல்லேன். என் கவிதை தில்லியின் கருணையையும் காணவில்லை, கொடுமையையும் காணவில்லை.

சொல்லை ஆளும் நமக்கு அங்கு இன்னொரு பாடமும் உண்டு. சாந்தினி சௌக் என்றால் நிலாச் சதுக்கம். ஷாஜகானின் மகள் ஜகனாரா அமைத்த அச்சதுக்கத்தின் நடுவே இருந்த குளத்தில் நிலவு தெரிந்ததாம். குளமும் இல்லை, வீதியின் நடுவே ஓடிய கால்வாயும் இல்லை. மேற்கே நறுமணப் பொருள்களின் மொத்த அங்காடிக்குக் காரி பாவ்லி என்று பெயர். உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அதன் பொருள். இன்று அங்கு மிளகாய் நெடியில் தும்மலாம், கிணற்றைக் காணமுடியாது. கல் அழிந்த பின்னும் சொல் நிற்கிறது.

ஆயினும் சொல்லை ஆண்டவர்களின் நிலை என்ன? பல்லிமாரான் பகுதியில், காசிம் ஜான் சந்தில், கவிஞர் காலிப் தம் இறுதி நாள்களைக் கழித்து 1869இல் மறைந்தார். அவ்வீடு நெடுங்காலம் வணிக இடமாகக் கிடந்தது. 2000இல்தான் அதன் ஒரு பகுதி நினைவிடமாயிற்று. அவர் காலத்தவரான சௌக், கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா சபரின் கவிதை ஆசான். பகார்கஞ்சில் அவர் கல்லறை இருந்த இடத்தில் பொதுக் கழிப்பறையே கட்டினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பின்னரே அது அகற்றப்பட்டது. மன்னனுக்கு யாப்புக் கற்பித்தவரின் கல்லறையை வேண்டித் தெருத்தெருவாய்க் கேட்டு நடந்தபோது வழி சொன்னவர்கள் மிகச் சிலரே.

இனிப் புது தில்லி. இந்தியா கேட்டிலிருந்து ராய்சினா குன்றை நோக்கி நடந்தால் குடியரசுத் தலைவர் மாளிகை கண்ணெதிரே நிற்கும். ஆனால் விஜய் சௌக்கை நெருங்க நெருங்கத் தூண்கள் மறைந்து, குவிமாடத்தின் மேற்பகுதி மட்டும் எஞ்சும். சாலையின் ஏற்றம் கட்டடத்தை விழுங்கிவிடுகிறது. தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரும் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்டியன்ஸும் இவ்வேற்றம் பற்றியே ஆண்டுக்கணக்கில் பகைத்து நின்றார்கள். வரைபடத்தில் இசைவு தந்த லட்டியன்ஸ், அதன் விளைவைப் பின்னரே உணர்ந்தார். பேரறிஞரான ஒரு கட்டடக் கலைஞரையே தாள் ஏமாற்றியது. அங்கு நடக்கும் எந்த வழிப்போக்கனும் அப்பிழையைச் சில நிமிடங்களில் கண்டுகொள்கிறான். 2022இல் அச்சாலையின் பெயர் கர்த்தவ்ய பத் என மாறியது, ஏற்றம் மாறவில்லை.

அகன்ற சாலைகளும் நெடிய மதில்களும் கொண்ட அப்பகுதியில் நடப்பவனுக்கு நிழல் தருபவை வேம்பும் நாவலுமே. மழைக்காலத் தொடக்கத்தில் நாவற்பழம் உதிர்ந்து நடைபாதை கருநீலமாகிறது. மரத்தடியில் துணி விரித்துப் பழம் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றைக் கண்டேன். மாளிகைகளின் நகரில் அன்று என்னோடு பேசியவர்கள் அவர்கள் மட்டுமே.

அன்பர்களே, கவிஞன் சீற்றம் கொள்ளக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 1976 ஏப்ரலில் துர்க்மான் வாயிலருகே வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் சுடப்பட்ட தெருவில் நின்றவன் சீறாமல் இருக்க முடியாது. ஆனால் அச்சீற்றத்திற்கு ஒரு முகவரி உண்டு. என் பழைய கவிதையின் சீற்றத்திற்கு முகவரி இல்லை.

ஆகவே இவ்விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் திங்கள்தோறும் ஒரு காலைப்பொழுதில் நம் ஊரின் ஒரு தெருவை நாம் சேர்ந்து நடப்போம். அதன் பெயர் எப்படி வந்தது என்று அங்குள்ள முதியவர்களைக் கேட்போம். அதன்பின் எழுதுவோம். அடுத்த மலரில் என் தில்லிக் கவிதையைத் திருத்தி எழுதித் தர முயல்வேன்.